போர்க்காலத்தில் செபமாலை: கொள்ளிடக் கரையிலிருந்து மடு வரை

செபமாலைக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வீடுகளில் இன்னொரு பெயர் 'ஐம்பத்து மூன்று மணி'. ஒரு சிலுவையும் 6 பெரிய மணிகளும் 53 சிறிய மணிகளும் கோத்த மாலை அது. சிலுவையைப் பிடித்து விசுவாசப் பிரமாணம் சொல்லித் தொடங்குவார்கள். பெரிய மணியில் பரலோக மந்திரம், சிறிய மணி ஒவ்வொன்றிலும் மங்கள வார்த்தை செபம். முதல் மூன்று சிறு மணிகள் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்ற மூன்றுக்கும் உரியவை. மீதி ஐம்பதும் பத்துப் பத்தாக ஐந்து பகுதிகள். இயேசு, மரியாள் ஆகியோரின் வாழ்வில் ஒரு நிகழ்ச்சியை மனத்தில் வைத்து ஒவ்வொரு பத்தையும் சொல்ல வேண்டும். இந்த நிகழ்ச்சிகளைப் பழைய செபப் புத்தகங்கள் 'தேவ இரகசியங்கள்' என்றன. இன்று 'மறைபொருள்கள்' என்கிறார்கள். சந்தோஷம், துக்கம், மகிமை என்று மூன்று வரிசைகள் நெடுங்காலம் இருந்தன. 2002 அக்டோபரில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 'ஒளி' என்ற நான்காவது வரிசையைச் சேர்த்தார். மூன்று வரிசைகள் இருந்தபோது மங்கள வார்த்தைகளின் மொத்தம் 150. திருப்பாடல்களின் எண்ணிக்கையும் அதுவே. எழுத்தறியாதவர்கள் 150 திருப்பாடல்களுக்கு ஈடாக 150 செபங்களை எண்ணிச் சொன்ன வழக்கத்திலிருந்துதான் இந்த மாலை வளர்ந்தது.

வீட்டில் விளக்கு வைத்த பிறகு மூத்தவர் ஒருவர் செபத்தின் முன்பாதியைச் சொல்வார். மற்றவர்கள் பின்பாதியைச் சொல்லி முடிப்பார்கள். இருபது நிமிடத்தில் ஐந்து பத்துகளும் முடியும். அதன் பிறகு மரியாளின் பட்டங்களை அடுக்கிச் சொல்லும் மாதா பிரார்த்தனை. இன்ன கருத்துக்காக என்று சொல்லியே தொடங்குவது வழக்கம்: படுத்திருக்கும் நோயாளிக்காக, மழைக்காக, கப்பலேறிப் போன மகனுக்காக, சண்டை நிற்பதற்காக.

பூசைக்குக் குரு வேண்டும், பீடம் வேண்டும், அப்பமும் இரசமும் வேண்டும். செபமாலைக்கு இவை எதுவும் வேண்டாம். மனப்பாடமாகத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும். புத்தகம் தேவையில்லை, இருட்டிலும் சொல்லலாம், மாலை தொலைந்தால் விரலை மடக்கி எண்ணலாம். போர் வந்தால் ஊரைவிட்டு முதலில் போவன குருவும் கோயிலும் புத்தகமும் விளக்கும்தான். காவிரிப் படுகையிலும் பாக் நீரிணைக்கு அப்பாலும் போர்க் காலங்களில் இந்தச் செபம் நிலைத்து நின்றதற்கு இந்த எளிமையே முதற்காரணம்.

வெற்றிக்கான செபமும் சமாதானத்துக்கான செபமும்

செபமாலையைப் பரப்பிய பெருமையை மரபு, தமிழ்க் கத்தோலிக்கர் 'சாமிநாதர்' என்று அழைக்கும் புனித தோமினிக்குக்குத் தருகிறது. ஆவணங்களில் தெளிவாகத் தெரிவது அவருடைய சபையினர் 15-ம் நூற்றாண்டில் தொடங்கிய செபமாலைச் சபைகள். அவற்றுள் புகழ்பெற்ற ஒன்று போரின் விளிம்பில் பிறந்தது. 1474-ல் பர்கண்டிக் கோமகன் சார்லசின் படை ஜெர்மனியின் நொய்ஸ் நகரை முற்றுகையிட்டது. அடுத்தது தாங்கள்தான் என்று பக்கத்து கொலோன் நகரம் அஞ்சியது. மாதக்கணக்கில் நீடித்த முற்றுகை தோற்றுப் படை விலகியது. அதற்கு நன்றியாக 1475 செப்டம்பர் 8-ம் நாள் கொலோனில் செபமாலைச் சபை நிறுவப்பட்டது.

ஒரு நூற்றாண்டு கழித்து இதே செபம் வெற்றிக்கான செபமாக உலகப் புகழ் பெற்றது. 1571 அக்டோபர் 7-ம் நாள் கிரேக்கக் கரையோரம் லெபாந்தோவில் கத்தோலிக்க நாடுகளின் கூட்டுக் கடற்படை உஸ்மானியக் கடற்படையை வென்றது. அன்று உரோமையில் செபமாலைச் சபையினர் பவனி நடத்திக்கொண்டிருந்தார்கள். வெற்றி அந்தச் செபத்தால் கிடைத்தது என்று கருதிய திருத்தந்தை ஐந்தாம் பயஸ், அந்நாளை வெற்றி அன்னையின் நினைவு நாளாக்கினார். 1573-ல் அவருக்குப் பின் வந்த பதிமூன்றாம் கிரகோரி அதைச் செபமாலைத் திருநாள் என்று மாற்றினார். 1716-ல் பெட்டர்வார்டைன் போர்க்களத்தில் உஸ்மானியர் மறுபடி தோற்றபின் அத்திருநாள் திருச்சபை முழுவதற்கும் விரிந்தது. அக்டோபர் முழுவதையும் செபமாலை மாதமாக்கியவர், பழைய தமிழ் ஏடுகள் 'சிங்கராயர்' என்று எழுதும் பதிமூன்றாம் லியோ. 1883 செப்டம்பர் 1-ம் நாள் அவர் விடுத்த சுற்றுமடல்தான் அந்த வழக்கத்தின் தொடக்கம்.

முதல் உலகப் போரில் செபத்தின் திசை மாறியது. கத்தோலிக்க நாடுகளே ஒன்றை ஒன்று அழித்துக்கொண்டிருந்த அந்தப் போரில் யாருடைய வெற்றிக்காகச் செபிப்பது என்ற கேள்விக்கு விடை இல்லை. 1917 மே 5-ம் நாள் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட், மாதா பிரார்த்தனையின் முடிவில் 'சமாதானத்தின் இராக்கினி' என்ற பட்டத்தைச் சேர்க்கச் சொன்னார். எட்டு நாள் கழித்து, மே 13-ம் நாள், போர்த்துக்கல்லின் பாத்திமா ஊரில் ஆடு மேய்த்த மூன்று சிறுவர்கள் மாதாவைக் கண்டதாகவும், போர் முடியத் தினமும் செபமாலை சொல்லும்படி மாதா கேட்டதாகவும் கூறினார்கள். ஒவ்வொரு பத்தின் முடிவிலும் பாவ மன்னிப்புக் கேட்டுச் சொல்லப்படும் சிறு செபம் அதே ஆண்டு ஜூலைக் காட்சியில் கற்பிக்கப்பட்டது என்பது பாத்திமா மரபு. இன்று நாகையிலோ மன்னாரிலோ ஒரு வீட்டில் செபமாலை சொல்லும்போது, பத்துகளுக்கு இடையே வரும் செபமும் பிரார்த்தனையின் கடைசிப் பட்டமும் அந்தப் போர்க்கால ஆண்டின் தடயங்களே.

இரண்டாம் உலகப் போர் மூளுவதற்கு முன்பே, 1939 ஏப்ரலில், பன்னிரண்டாம் பயஸ் மே மாதத்தில் சமாதானத்துக்காகச் செபிக்கும்படி, குறிப்பாகக் குழந்தைகளைச் செபிக்க வைக்கும்படி கேட்டுக்கொண்டார். 1966-ல் வியட்நாம் போர் நடந்தபோது ஆறாம் பவுல் அக்டோபர் 4-ம் நாளைச் சமாதானத்துக்கான செப நாளாக அறிவித்துச் செபமாலையை வலியுறுத்தினார்.

தமிழுக்கு வந்த மாலை

தமிழ்நாட்டில் இந்தச் செபங்கள் வேரூன்றியதும் அமைதியான காலத்தில் அல்ல. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் உள்ளூர்க்காரர்கள் துணையோடு செபங்களைத் தமிழில் பெயர்த்து மனப்பாடம் செய்தார். தெருவில் மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டி, வரி வரியாகத் தாம் சொல்ல அவர்களைத் திருப்பிச் சொல்லவைத்தார். அந்தச் சிறுவர்கள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. இரண்டே ஆண்டில், 1544-ல், வடுகர் படை முத்துக்குளித்துறையில் புகுந்தது. பரதவர்கள் வீடுகளை விட்டுக் கன்னியாகுமரிக் கடலில் உள்ள பாறைகளில் ஒளிந்தார்கள்; பசியும் தாகமும் அங்கே பலரைக் கொன்றன. சவேரியார் படகுகளில் உணவு கொண்டுபோகப் புறப்பட்டு, எதிர்க்காற்றால் திரும்பியதை அவருடைய கடிதங்கள் சொல்கின்றன. வீட்டை விட்டு ஓடவேண்டியிருந்த அந்த மக்களிடம் மிஞ்சியவை மனப்பாடமாக இருந்த செபங்கள்தான்.

1554-ல் லிஸ்பனில் அச்சான சிறுநூல் ஒன்று தமிழ்ச் செபங்களை உரோமன் எழுத்தில் தந்தது. 1578-ல் கொல்லத்தில் அண்டிரிக் அடிகளார் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' அவற்றைத் தமிழ் எழுத்துக்குக் கொண்டுவந்தது. தமிழ் எழுத்தில் அச்சாகி இன்றும் கிடைக்கும் நூல்களுள் அதுவே முந்தையது. 'செபமாலை' என்ற சொல்லோ இந்த மண்ணில் ஏற்கெனவே இருந்த ஜபமாலைதான். உருத்திராட்சத்தையோ துளசி மணியையோ உருட்டி எண்ணும் கையைத் தமிழர் அறிவார்கள். பொருள் புதிது, பழக்கம் பழையது.

கொள்ளிடக் கரையும் நாகைக் கரையும்

காவிரிப் படுகையில் கத்தோலிக்க வழிபாட்டின் வரலாறு பெருமளவு இடம்பெயர்ந்தவர்களின் வரலாறு. கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள ஏலாக்குறிச்சி, தஞ்சை அரசில் நெருக்கடி வந்தபோதெல்லாம் ஆற்றைக் கடந்து வந்த கிறிஸ்தவர்களுக்குப் புகலிடமாக இருந்தது. 18-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே தங்கிய வீரமாமுனிவர் அவ்வூரைத் 'திருக்காவலூர்' என்று பெயரிட்டு அதன்மீது கலம்பகம் பாடினார். அங்குள்ள மாதாவின் பெயர் அடைக்கல அன்னை. லெபாந்தோவின் மாதாவுக்கு வெற்றி என்று பெயர். கொள்ளிடத்து மாதாவுக்கு அடைக்கலம் என்று பெயர். இப்பகுதிச் செபத்தின் இயல்பு இந்தப் பெயர் வேறுபாட்டிலேயே தெரிகிறது. இங்கே கிறிஸ்தவர்கள் படை நடத்தியவர்கள் அல்லர். படைகள் கடந்துபோன வழியில் இருந்தவர்கள்.

அப்படிக் கடந்துபோன படைகள் பல. 1749-ல் ஆங்கிலேயக் கம்பெனிப் படை, தஞ்சை அரசுரிமைச் சண்டையில் தலையிட்டு, சீர்காழிக்கு வடகிழக்கே கொள்ளிட முகத்துவாரத்தில் இருந்த தேவிக்கோட்டையைப் பிடித்தது. அந்தப் படையில் இளம் இராபர்ட் கிளைவும் இருந்தார். கர்நாடகப் போர்களுக்குப் பின், 1781-ல் ஹைதர் அலியின் படை படுகைக்குள் வந்தது. வாய்க்கால்களும் மதகுகளும் உடைபட்டன. ஆடுமாடுகளும் ஆட்களும் வாரிச் செல்லப்பட்டனர். நெல் விளைச்சல் படுத்தது. சாதி, சமயம் பார்க்காமல் எல்லோரையும் தாக்கிய அழிவு அது. படுகை மக்களின் நினைவில் அது நெடுநாள் நின்றது.

கடற்கரையில் ஆட்சி மாறியதும் வழிபாடு மாறியது. 1658-ல் டச்சுக்காரர்கள் போர்த்துக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பறித்தார்கள். அதே ஆண்டில் மன்னாரும் யாழ்ப்பாணமும் அவர்கள் கைக்குப் போயின. நாகையின் கத்தோலிக்கப் பெருமை தேய்ந்தது. தெற்கே 12 கி.மீ. தொலைவில், தஞ்சை அரசின் எல்லைக்குள் இருந்த வேளாங்கண்ணியின் சிறு கோயில் வளர்ந்தது. அது வரை நாகைப் பங்கின் கிளையாக இருந்த வேளாங்கண்ணி 1771-ல் தனிப் பங்கானது. முதல் பங்குக் குருவின் பெயர் அந்தோனியோ தெ ரொசாரியோ. 'ரொசாரியோ' என்றால் போர்த்துக்கீசியத்தில் செபமாலை. 1962 நவம்பர் 3-ம் நாள் அக்கோயில் பசிலிக்காவாக உயர்ந்தது. வடக்கே இமயமலையில் சீனப் போர் நடந்துகொண்டிருந்த மாதம் அது.

இன்று சீர்காழிக்காரர்கள் செபமாலையை ஆண்டுதோறும் பார்ப்பது வேளாங்கண்ணி நடைப்பயணத்தில்தான். ஆகஸ்ட் 29-ம் நாள் கொடியேற்றம், செப்டம்பர் 8-ம் நாள் திருவிழா. அதற்கு முன்னும் பின்னும் சென்னை, புதுவை, கடலூர் பக்கத்திலிருந்து காவி உடுத்த கூட்டங்கள் சிதம்பரம் தாண்டி, கொள்ளிடப் பாலம் கடந்து, சீர்காழி வழியே காரைக்காலுக்கும் நாகைக்கும் நடக்கின்றன. சக்கரம் வைத்த சிறு தேரில் மாதா சுரூபம், பக்கத்தில் ஒலிபெருக்கி, கழுத்தில் செபமாலை. ஒருவர் முன்பாதி சொல்ல, பின்னால் வருபவர்கள் நடையை விடாமலே பின்பாதி சொல்கிறார்கள். சம்பந்தர் பிறந்த ஊரில் மணி உருட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்து யாரும் வியப்பதில்லை. கூட்டத்தில் இந்துக்களும் உண்டு. சீர்காழியிலிருந்து இன்னும் இரண்டு மூன்று நாள் நடை என்ற கணக்கு எல்லோருக்கும் பொது.

தடை செய்யப்பட்ட செபம்

1658-க்குப் பிறகு டச்சு ஆட்சியின் கடுமையை நாகையைவிட யாழ்ப்பாணமும் மன்னாரும் அதிகமாக உணர்ந்தன. கத்தோலிக்கக் குருக்கள் நாடு கடத்தப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் தருவது மரண தண்டனைக்குரிய குற்றம் என்று ஆணை பிறந்தது. கோயில்கள் டச்சுச் சபையின் கோயில்களாயின. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இலங்கைக் கத்தோலிக்கர்களுக்குக் குருவே இல்லை.

அந்த நிலையில் மன்னார்ப் பகுதியின் மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் தங்கள் கோயிலின் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு 1670-ஐ ஒட்டி வன்னிக் காட்டுக்குள் சென்றன என்பது மடுவின் தல வரலாறு. டச்சுக்காரர் கை எட்டாத மருதமடுவில் அவர்கள் தங்கினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிவந்தவர்களும் பிறகு அவர்களோடு சேர்ந்தார்கள். காட்டில் குரு இல்லை. சுரூபம் இருந்தது, செபம் இருந்தது.

1687-ல் கோவாவைச் சேர்ந்த குரு யோசப் வாஸ் தூத்துக்குடி வழியாக யாழ்ப்பாணம் வந்தார். உடை கூலியாளுடையது, வழி நெடுகப் பிச்சை. ஊரில் யார் கத்தோலிக்கர் என்று கேட்க முடியாது. கேட்டால் இரு பக்கத்துக்கும் ஆபத்து. அவர் கழுத்தில் ஒரு செபமாலையை வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார் என்று அவருடைய வரலாறு சொல்கிறது. மாலையைக் கண்டு யார் கண் மாறுகிறது என்று பார்ப்பதுதான் உத்தி. அப்படித்தான் மறைந்திருந்த குடும்பங்களை அவர் கண்டுபிடித்தார். யாழ்ப்பாணத்துச் சில்லாலை அவருடைய முதல் தங்குமிடம் ஆயிற்று. குரு வராத காலத்தில் செபங்களை முன்னின்று சொல்ல ஊர்தோறும் அண்ணாவிகளையும், கோயில் காரியங்களைப் பார்க்க மூப்பர்களையும் நியமித்தார். 1711 ஜனவரி 16-ம் நாள் கண்டியில் அவர் இறந்தபோது, குரு ஆண்டுக்கு ஒருமுறை வந்தாலும் உயிரோடு இருக்கக்கூடிய ஒரு திருச்சபையை விட்டுச்சென்றார். வன்னிக் கத்தோலிக்கர்களுக்கு அந்த ஏற்பாடு மூன்று நூற்றாண்டுக்குப் பிறகும் பயன்படவேண்டியிருந்தது.

ஆங்கிலேயர் காலத்தில் தடை நீங்கியது. 1872-ல் யாழ்ப்பாண ஆயர் போன்ழான் மடுவில் புதிய கோயிலைத் தொடங்கினார். 1924 ஜூலை 2-ம் நாள் மடு மாதாவுக்கு முடிசூட்டினார்கள். ஜூலை 2 மடுவின் பெருந்திருநாள். தமிழரும் சிங்களவரும் குடும்பத்தோடு வந்து மரத்தடியில் கூடாரம் போட்டு நாள்கணக்கில் தங்குவார்கள். பாம்புக்கடிக்கு மருந்து என்று மடு மண்ணை முடிந்துகொண்டு போவதில் இரு இனத்தாருக்கும் வேறுபாடு இல்லை.

இரண்டாம் உலகப் போர் இலங்கையைத் தொட்டது 1942 ஏப்ரலில். ஏப்ரல் 5-ம் நாள், உயிர்ப்புப் பெருவிழா ஞாயிறு, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9-ம் நாள் திருகோணமலையை. நாடு போரில் அழியாமல் தப்பினால் மாதாவுக்குப் பெருங்கோயில் எழுப்புவதாகக் கொழும்புப் பேராயர் மசோன் நேர்ந்திருந்தார். தேவத்தையில் 1974-ல் நேர்ந்தளிக்கப்பட்ட இலங்கை அன்னை பசிலிக்கா அந்த நேர்ச்சையின் பலன். பாக் நீரிணையின் இந்தப் பக்கத்தில் போரின் முகம் வேறு. நாகையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறியவர்களின் படுகைக் குடும்பங்களுக்கு 1942 பிப்ரவரி 15-ம் நாள் சிங்கப்பூர் விழுந்தபின் கடிதமும் பணமும் நின்றன. மூன்றரை ஆண்டுகள், போனவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியாத நிலை.

மடுவின் போர்

1983 ஜூலையில் மூண்ட இலங்கை உள்நாட்டுப் போர் 2009 மே 18-ல் முடிந்தது. மன்னார் மறைமாவட்டம் 1981-ல்தான் உருவாகியிருந்தது. அதன் வாழ்நாளின் முதல் முப்பது ஆண்டில் பெரும்பகுதி போர்தான். 1985 ஜனவரி 6-ம் நாள் வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்தியன் கோயில் வளாகத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1995 ஜூலை 9-ம் நாள் யாழ்ப்பாணம் நவாலியில் புனித பேதுரு ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்கள் விமானக் குண்டுவீச்சில் இறந்தனர். கோயில் பாதுகாப்பான இடம் என்ற நம்பிக்கை அன்று சிதைந்தது. வேறு இடம் இல்லாததால் மக்கள் அதன் பிறகும் கோயில்களுக்கே போனார்கள்.

மடு அவற்றுள் பெரியது. 1990-ல் போர் மறுபடி மூண்டபோது பல்லாயிரம் பேர் மடுக் காட்டில் வந்து குவிந்தார்கள். ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையம் அங்கே திறந்த நிவாரண மையம் அமைத்தது. திருவிழாக் கூடாரங்கள் நின்ற மரத்தடிகளில் ஆண்டு முழுவதும் தார்ப்பாய்க் கொட்டில்கள் நின்றன. மாலையில் கோயில் மணி அடித்ததும் கொட்டில்களிலும் கோயில் முற்றத்திலும் செபமாலை தொடங்கும். எறிகணை விழும் நாள்களில் அதையே பதுங்கு குழிக்குள் சொன்னார்கள். குழிக்குள் வெளிச்சம் கிடையாது, மண் உதிரும், குழந்தைகள் அழும். ஒருவர் முன்பாதியும் மற்றவர் பின்பாதியும் சொல்வதால் இன்னும் யார் யார் இருக்கிறார்கள் என்பது இருட்டிலும் தெரியும்.

1999 நவம்பர் 20-ம் நாள் இரவு மடுக் கோயில் வளாகத்தில் எறிகணைகள் விழுந்து, உள்ளே தஞ்சம் புகுந்திருந்தவர்களில் ஏறத்தாழ 40 பேர் இறந்தனர். அவர்களில் குழந்தைகள் பலர். இராணுவமும் விடுதலைப் புலிகளும் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டார்கள். 2002 பிப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானபின் மடுச் சாலை திறந்தது. தென்னிலங்கைச் சிங்களக் கத்தோலிக்கர்கள் பல ஆண்டுகளுக்குப் பின் வந்தார்கள்.

அந்த அமைதி நீடிக்கவில்லை. 2006 ஜூனில், மன்னார்த் தீவின் பேசாலையில் வெற்றி மாதா ஆலயத்துக்குள் தஞ்சம் புகுந்திருந்த மக்கள் தாக்கப்பட்டனர். லெபாந்தோவில் பிறந்த பெயரைத் தாங்கிய கோயிலில் அன்று வெற்றி பெற்றவர் யாரும் இல்லை. 2008-ல் போர்முனை மடுவை நெருங்கியது. கோயிலைச் சுற்றி ஆயுதமற்ற வலயம் வேண்டும் என்ற திருச்சபையின் வேண்டுகோள் பலிக்கவில்லை. ஏப்ரல் 3-ம் நாள் குருக்கள் மடு மாதா சுரூபத்தை எடுத்துக்கொண்டு வடமேற்கே கடலோரத் தேவன்பிட்டிக்குப் போனார்கள். மாந்தையிலிருந்து காட்டுக்குத் தூக்கி வந்த சுரூபம் காட்டிலிருந்து மறுபடி கடற்கரைக்குப் போயிற்று. ஏப்ரல் இறுதியில் மடு இராணுவத்தின் வசமானது. சுரூபம் ஆகஸ்டில் திரும்பியது. 2009-ன் முதல் மாதங்களில் வன்னி மக்கள் முள்ளிவாய்க்கால் கரையை நோக்கி ஒதுக்கப்பட்டபோது சில குருக்களும் கன்னியரும் கடைசி வரை அவர்களோடு இருந்தார்கள். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் யோசப் அடிகளார் மே 18-ம் நாள் வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு சென்றார். அதன்பின் அவரை யாரும் காணவில்லை.

நீதியின் கண்ணாடி

சமாதானத்துக்காகச் செபிப்பதோடு நீதிக்காகச் செபிப்பதும் சேர்ந்தது 20-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில். 1967-ல் வத்திக்கான் நீதி, அமைதி ஆணையத்தை நிறுவியது. சமாதானம் வேண்டுமானால் நீதிக்காக உழைக்க வேண்டும் என்பது 1972-ம் ஆண்டின் உலக அமைதி நாளுக்கு ஆறாம் பவுல் தந்த கருப்பொருள். ஆனால் மாதா பிரார்த்தனையில் நீதி அதற்கு நெடுங்காலம் முன்பே இடம்பெற்றிருந்தது. மரியாளின் பட்டங்களை அடுக்கும் அந்த வரிசையில் 'நீதியின் கண்ணாடி' என்பது ஒன்று. பழைய தமிழ்ச் செபப் புத்தகம் அதைத் தர்மத்தின் கண்ணாடி என்று பெயர்த்தது. மூலச் சொல்லுக்கு அறநெறி வழுவாமை என்ற பொருளும் இருப்பதால் அது பிழையான பெயர்ப்பும் அல்ல. பிரார்த்தனை வரிசையில் நீதி நடுவில் வருகிறது; சமாதானம் கடைசியில்.

இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கரிடையே நீதியைப் பற்றி வெளிப்படையாகப் பேசியவர்களுள் முதன்மையானவர் மன்னார் ஆயர் இராயப்பு யோசப். 1992 முதல் 2016 வரை ஆயராக இருந்த அவர், 2011 ஜனவரி 8-ம் நாள் அரசின் கற்றுக்கொண்ட பாடங்கள், நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஒரு கணக்கை வைத்தார். 2008 அக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர். போர் முடிந்தபின் அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 2,82,380 பேர். மீதி 1,46,679 பேர் எங்கே என்பது கேள்வி. இரு எண்களும் அரசு அலுவலகங்களும் ஐ.நா. அமைப்பும் வெளியிட்டவை, ஆயர் செய்தது கழித்தல் மட்டும். மாலை மணிகளைப்போல் மனிதரையும் ஒவ்வொருவராக எண்ண வேண்டும் என்பதே அவர் கேட்டதன் சாரம். அந்தக் கேள்விக்கு விடை வருமுன்பே, 2021 ஏப்ரல் 1-ம் நாள், அவர் காலமானார்.

2015 ஜனவரி 14-ம் நாள் காலை கொழும்பு காலிமுகத் திடலில் திருத்தந்தை பிரான்சிஸ், யோசப் வாசைப் புனிதராக அறிவித்தார். அன்று பிற்பகல் ஹெலிகாப்டரில் மடுவுக்குப் போனார். லட்சக்கணக்கில் திரண்டிருந்த கூட்டத்தில் போரில் உறவினரை இழந்த தமிழரும் சிங்களவரும் இருந்தனர். பூசையல்ல, மாதாவுக்கான செப வழிபாடுதான் அங்கே நடந்தது. கழுத்தில் செபமாலையோடு மறைந்து வந்த பிச்சைக்காரக் குரு புனிதரானதும், காட்டுக்குள் ஓடிவந்த சுரூபத்தின் முன் திருத்தந்தை நின்றதும் ஒரே நாளில் நடந்தன.

மடுவில் இப்போது ஆகஸ்ட் 15-லும் ஜூலை 2-லும் திருவிழாக்கள் நடக்கின்றன. மரத்தடிக் கூடாரங்கள் மறுபடி திருவிழாக் கூடாரங்களாகியிருக்கின்றன. செபங்கள் தமிழிலும் சிங்களத்திலும் சொல்லப்படுகின்றன. காணாமல் போனவர்களின் குடும்பங்கள் இன்றும் படங்களை ஏந்திக்கொண்டு வருகின்றன. அக்டோபரில் வேளாங்கண்ணியிலும் காவிரிப் படுகையின் பங்குகளிலும் அன்பியங்கள் என்ற சிறு குழுக்கள் வீடு வீடாகச் செபமாலை சொல்கின்றன. எந்த ஊரில் சொன்னாலும், எந்தப் போருக்காகச் சொன்னாலும், பிரார்த்தனையின் வரிசை மாறுவதில்லை: நீதி முன்னே, சமாதானம் கடைசியில்.